குறுக்குச் சுவர்

ஜனவரி 8
இன்றும் ஒருத்தி வேலையை விட்டு நின்றுவிட்டாள். எதிரே புதிதாகத் திறந்த சரக்குக் கிடங்கில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அறை இருக்கிறதாம். நம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் என்ன இருக்கிறது? ஒரு சுவர் இருக்கிறது.

ஐம்பது பேரைத் தாண்டினால் குழந்தைகள் காப்பகம், ஆய்வாளர் வருகை என்று சட்டம் பாயும் என ஆடிட்டர் பயமுறுத்தினார். உடனே தம்பி கொட்டகையின் நடுவில் சுவர் எழுப்பி ஒரு கம்பெனியை இரண்டாக்கினான். அந்தப் பக்கம் அவன் பெயரில், இந்தப் பக்கம் என் பெயரில். அங்கே வெட்டிய அட்டையை ஜன்னல் வழியாக இங்கே தள்ளுகிறார்கள். தம்பி தினமும் காலையில் வாசலில் நின்று தலை எண்ணுகிறான்.

ஜனவரி 15
சோப்புக் கம்பெனி மேலாளர் வந்தார். "மே மாசத்துலேர்ந்து ரெண்டு மடங்கு பெட்டி வேணும். முடியலன்னா சொல்லிடுங்க, வேற எடம் பாத்துக்கறோம்."
அவர் போனால் நாங்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான். தம்பி சொல்கிறான்: "ஆள் வேணாம்க்கா, மெஷின் வாங்குவோம். மெஷினுக்குக் கைக்குழந்தை கிடையாது." சிரித்துவிட்டேன். சம்மதித்தும் விட்டேன்.

பிப்ரவரி 20
மெஷின் வந்துவிட்டது. உள்ளே அடங்கவில்லை.

அட்டையை மடித்து ஒட்டும் மெஷின், ஒரு பஸ்ஸை விட நீளம். சுவருக்கு இந்தப் பக்கமும் கொள்ளாது, அந்தப் பக்கமும் கொள்ளாது. கொட்டகையின் பழைய வரைபடத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்திருக்கிறான். அதில் அவன் கட்டிய சுவர் ஏது?

பிப்ரவரி 21
மழை. மெஷின் வெளியே, தார்ப்பாய்க்கு அடியில்.

பிப்ரவரி 23
மெஷின் ஓட்டப் பயிற்சிக்குப் போய்வந்தவள் ஒட்டுப் பிரிவு மேற்பார்வையாளர் மட்டும்தான். காலையில் வந்து நின்றாள். "நானும் எதிர்ல போறேன் மேடம். மாமியாருக்கு முடியல, புள்ளையப் பாக்க ஆளில்ல."

மெஷினுக்குக் குழந்தை இல்லை, சரி. ஓட்டுகிறவளுக்கு இருக்கிறதே!

ஆடிட்டர் ஒரு வழி சொன்னார்: சுவரில் ஓட்டை போட்டு மெஷினை நுழைத்துவிடலாமாம். பாதி மெஷின் என் கம்பெனி, மீதி தம்பி கம்பெனி. தம்பி தலையாட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் எத்தன நாளைக்குடா ஒளிஞ்சு ஒளிஞ்சு தொழில் பண்றது? ஐம்பதுக்குள்ளயே இருந்தா எப்படா வளர்றது?"

பயம் அவனுக்கு. எனக்கு மட்டும் இல்லையா? காப்பகச் செலவும் மெஷின் தவணையும் சேர்ந்து அமுக்கினால் என்ன செய்வேன் — தெரியவில்லை.

மாலையில் மேற்பார்வையாளரிடம், காப்பகம் திறக்கும்வரை அவள் பிள்ளைக்கு என் அறையைத் தருகிறேன் என்றேன். "பாக்கலாம் மேடம்" என்றாள்.

மார்ச் 2
சுவர் போயிற்று; இனி ஒரே கம்பெனி. முதல் அடி தம்பிதான் அடித்தான். "நான்தானே கட்டினேன்" என்றான். கொட்டகை முழுக்கத் தூசி, தும்மல்.

மார்ச் 19
என் மேஜைக்கு அடியில் ஒரு கிலுகிலுப்பை. கொள்முதல் ஆணையில் பால் கறை.

மே 6
சோப்புக் கம்பெனிக்கு முதல் லாரி கிளம்பியது. இந்த வருடம் லாபம் என்று ஒன்று பெரிதாக இராது. பரவாயில்லை, கடை திறந்திருக்கிறது.

ஜனவரியில் நின்றுபோனவள் குழந்தையோடு வந்திருந்தாள். "அங்க என்ன குறை?" என்றேன். "குறையில்ல மேடம். இங்க மெஷின் ஓட்டக் கத்துத் தர்றீங்களாமே."

வாசலில் தம்பி நின்றிருந்தான். காப்பக அறை எந்தப் பக்கம் என்று அவளுக்குக் கை காட்டினான். எண்ணவில்லை.