ஏர் இன்னும் போகவில்லை

சாரம், புதுச்சேரி
ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

சங்கவி எழுதுகிறேன். நீ நலமாக இருக்க வேண்டும். அம்மா நலம். நான் நலம். அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கடிதமா என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுகிறது. மெசேஜ் அனுப்பினால் படித்த உடனே கூப்பிடுவாய். நீ கூப்பிட்டால் அப்பாதான் எடுப்பார். தாமரைச்செல்வி அக்காவின் வீட்டுக்காரர் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை தோஹா திரும்புகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா கொடுத்த பொட்டலத்தில் வாளைக் கருவாடு இருக்கிறது. அதைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடு.

போன ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் கேட்டாய், ஸ்டேரிங் பம்ப் மாத்தி மூணு வாரம் ஆச்சே, மீன் வண்டி ரெடியாப்பா என்று. ஆயில்ல கொஞ்சம் ஏர் இருக்குடா, தெனம் எடுத்துக்கினுதான் இருக்கோம் என்றார். நீ சிரித்தாய். "ஏர் எடுக்க மூணு வாரமா? அரை மணி நேர வேலைப்பா அது. வயசாயிடுச்சு உனக்கு" என்றாய்.

கேலிதான். நீங்கள் இருவரும் அப்படித்தான் பேசிக்கொள்வீர்கள். அப்பாவும் சிரித்தார். பிறகு தட்டில் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட எடுக்காமல் எழுந்துபோய்க் கை கழுவினார்.

நீ தினமும் டிரெய்லர் ஓட்டுகிறவன். ஏர் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் மற்றவர்களிடம் மறைப்பதை உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொங்கல் முடிந்ததிலிருந்து ஸ்டேரிங் கெட்டியாக இருக்கிறது என்றார் அப்பா. பெல்ட் மாற்றினார். ஆயில் ஊற்றினார். மார்ச்சில், நோணாங்குப்பம் பாலத்துக்கு முன்னால், வளைவில் வண்டி திரும்பாமல் கைப்பிடிச் சுவரை உரசி நின்றது. மீன் ஏற்றியிருந்தது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்போது சத்தியம் வாங்கினார். ஸ்டேரிங்கில் பவர் போய்விட்டது, பம்ப்தான் என்றார். நாங்களும் நம்பினோம். பம்ப் என்றால் மாற்றிவிடலாம்.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. தேங்காய்த்திட்டு ஹார்பரில் படகுகள் எல்லாம் கட்டப்பட்டன. ஏற்றுவதற்கு எதுவும் இல்லை. இந்த இரண்டு மாதத்தில்தானே எல்லோரும் தங்கள் வலையை, படகை, வண்டியைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்றேன். "என் வண்டிய நான் இருக்கச்சொல்ல இன்னொருத்தன் ஏன் தொடணும்" என்றார்.

மே மாதம் பதினேழாம் தேதி. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்கு ஜாக்கி கொடுத்து, கட்டை வைத்தோம். பெல்ட்டைக் கழற்றினார். இரண்டு ஓஸ் குழாயையும் கழற்றினார். பழைய ஆயில் கறுப்பாக வந்தது. அம்மா கோலமிடும் இடத்தில் அது இன்னும் கறையாக இருக்கிறது. இப்போது அவள் சற்றுத் தள்ளிக் கோலமிடுகிறாள்.

பம்ப் மூன்று போல்ட்டில் நிற்கிறது. முதல் போல்ட்டில் ஸ்பானர் அவர் கையிலிருந்து நழுவியது. இரண்டாவதிலும் நழுவியது. ஆயில் பட்டிருக்கு, தொடச்சுக் குடு என்றார். துடைத்தேன். துணியில் ஆயில் வரவில்லை. மூன்றாவது போல்ட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். "என் கை உள்ள போவல. உன் கைதான் சின்னது."

எனக்குப் பெருமையாக இருந்தது. என் இருபத்துநான்கு வருடத்தில் அந்த வண்டியைத் தொட என்னை விட்டது அன்றுதான். கையை உள்ளே விட்டேன். அங்கே அவருடைய இரண்டு கையும் போகும் அளவுக்கு இடம் இருந்தது.

புதுப் பம்ப்பை மாட்டி ஆயில் ஊற்றியதும் ஏர் எடுக்க வேண்டும் என்றார். எஞ்சின் ஓடாமல் ஒருவர் ஸ்டேரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்ப வேண்டும். ஒருவர் ஆயில் டேங்கில் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி நின்றால் ஏர் போய்விட்டது. இது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அம்மா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து நீ பார்த்ததில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறினாள். நான் டார்ச் அடித்துக் குமிழி பார்த்தேன். நிறைய வந்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றது. அரை மணி நேரம். நீ சொன்னது சரி.

வண்டியைத் தரையில் இறக்கி எஞ்சினைப் போட்டோம். அப்பா கீழே நின்று, இப்பத் திருப்பு என்றார். அம்மா ஒரு கையால் திருப்பினாள். சக்கரம் திரும்பியது. "இன்னாங்க இது, மாவாட்றதவிட லேசா கீது" என்று சிரித்தாள். அவள் இறங்கினாள். அப்பா ஏறினார்.

அவர் திருப்புவதைப் பார்த்தேன். கையால் அல்ல. தோளால், முதுகால், முழு உடம்பால். நெற்றியில் வேர்த்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு, "இன்னும் கெட்டியாத்தான் இருக்கு" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஏர் இருக்கும்" என்றாள். அந்த வார்த்தையை அவள் கற்றுக்கொண்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

பழைய பம்ப்பை ஸ்பேர் பார்ட்ஸ் கடை இராமதாஸ் மாமாவிடம் எடுத்துப்போனேன். சுற்றிப் பார்த்தார். காதருகே வைத்துக் கேட்டார். "நல்லாத்தானேம்மா இருக்குது. எதுக்குக் கழட்டனீங்க?" என்றார். திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அடுத்த வாரம் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எனக்குத் தலைவலி, துணைக்கு வாங்க என்று சொல்லித்தான். அங்கே போனதும், வந்தது வந்தோம், உங்க கையையும் காட்டுங்க என்றேன். டாக்டர் தன் இரண்டு விரல்களைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அப்பா அழுத்தினார். எவ்வளவு அழுத்தினார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. டாக்டரின் விரலில் தெரியவில்லை. ஊசி வைத்து நரம்பைச் சோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று முறை போனோம்.

எம்.ஏ. இங்கிலீஷ் படித்ததற்குக் கடைசி முறை போனபோது ஒரு பயன் கிடைத்தது. அப்பாவுக்குத் தெரியாத மொழியில், அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவரைப் பற்றிக் கேட்டேன். கைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கை முதலில். பிறகு கால். பிறகு பேச்சு, விழுங்குவது. மருந்து இருக்கிறது, குணமாக்குவதற்கு இல்லை. இரண்டு வருடம், மூன்று வருடம். அப்பா சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "உன் தலைவலிக்கு இன்னா சொன்னாங்க" என்று கேட்டார். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவருக்கு மீனில் முள் எடுத்து வைக்கிறாள். சட்டைக்குப் பொத்தான் போட்டு விடுகிறாள். இப்போதுதான் ஆரம்பித்தது போலச் செய்யவில்லை. எப்போதும் செய்தவள்போலச் செய்கிறாள்.

தினமும் காலை ஆறு மணிக்கு ஜாக்கி போடுகிறோம். இப்போது ஜாக்கியை நான்தான் ஏற்றுகிறேன். அம்மா சீட்டில். அப்பா பக்கத்தில் நின்று, இந்தக் கோடி, அந்தக் கோடி என்கிறார். நான் டார்ச் அடித்துக் குனிகிறேன். ஆயில் அசைவதில்லை. என் முகம் தெரியும் அளவுக்குத் தெளிவாக நிற்கிறது. குமிழி வருதுப்பா என்கிறேன். ஏர் இருக்கும்வரை வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. அது அவர் நமக்கெல்லாம் சொன்ன சட்டம். பாலத்துச் சுவரை நினைத்துக்கொண்டு தினமும் அந்தப் பொய்யைச் சொல்கிறேன்.

அவரை ஏமாற்றுகிறோம் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

நேற்று டார்ச் எரியவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. அந்த இடுக்கில் வெளிச்சம் போகாது, ஒன்றும் தெரியாது. பழக்கத்தில், குமிழி வருதுப்பா என்று சொல்லிவிட்டேன். நிமிர்ந்தபோது அப்பா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணைந்த டார்ச்சை.

ஸ்டேரிங்கின் மேல் அம்மாவின் கை அப்படியே நின்றது.

"அப்ப நாளைக்குப் பாக்கலாம்" என்றார் அப்பா.

சாயங்காலம் கடைக்குப் போய் இரண்டு பேட்டரி வாங்கி வந்து, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது புரிகிறது. இந்த மூன்று வாரத்தில் ஒருமுறைகூட அவர் டேங்குக்குள் குனிந்து பார்க்கவில்லை. முப்பது வருடம் வண்டி ஓட்டியவர்.

வருகிற பதினான்காம் தேதி இரவோடு தடைக்காலம் முடிகிறது. பதினைந்தாம் தேதி படகுகள் போகும். ஹார்பரிலிருந்து கேட்கத் தொடங்கிவிட்டார்கள், வண்டி வருமா என்று. வரும், ஏர் போவட்டும் என்கிறார் எல்லோரிடமும். சிலர் சிரிக்கிறார்கள். அவரும் கூடச் சிரிக்கிறார்.

வண்டியை விற்றுவிடு என்று நீ சொல்லக்கூடும். வேறு டிரைவர் போடு என்று சொல்லக்கூடும். இரண்டும் சரிதான். இப்போது சொல்லாதே. லீவு கேட்டு ஓடியும் வராதே. நீ திடீரென்று வந்து நின்றால், ஏன் வந்தாய் என்று அவர் கேட்க வேண்டியிருக்கும். அப்போது நம்மில் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். தீபாவளிக்கு வா. எப்போதும்போல வா. அதுவரை பேச்சு இருக்கும் என்றுதான் டாக்டர் சொல்கிறார்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, கையைப் பற்றிக் கேட்காதே. ஏர் இன்னும் இருக்காப்பா என்று நீயே முதலில் கேள். இருக்குடா என்பார். சில வண்டிக்கு அப்படித்தான்ப்பா, இங்கேகூட ஒரு டிரெய்லருக்கு ஒரு மாசம் ஆச்சு என்று சொல். நீ சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. அன்று அவர் சாப்பிடுவார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே. உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் தங்கை,
சங்கவி