விதைக்கு ஒரு வெள்ளரிக்காய்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே உங்கப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. போனில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

வெயில் தணிந்துவிட்டது, தோட்டத்தை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். தக்காளி இந்த வருஷம் காய்த்துத் தள்ளிவிட்டது, அடுப்படியில் கால் வைக்க இடமில்லை. உங்கப்பா ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு தோலுரிக்கிறார், நான் கொதிக்கவைத்துப் பாட்டிலில் ஊற்றி மூடுகிறேன். ஆறும்போது மூடி டப்பென்று உள்ளே வாங்கினால்தான் கெடாது, ஒரு பாட்டில் மூடி மட்டும் என்ன செய்தும் உள்ளே வாங்கவில்லை, அதை அன்றைக்கே சமைத்துத் தீர்த்தோம். மிளகாயை நூலில் கோத்து ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன், தபால்காரர் வாசலில் நின்றே தும்முகிறார். மிளகாய் தொட்ட கையால் கண்ணைத் தொடாதே என்று உன்னிடம் தொண்டை கிழியக் கத்தியவள், நேற்று நானே தொட்டுவிட்டு சாயங்காலம் வரை அழுதேன். உங்கப்பாவுக்கு ஒரே கொண்டாட்டம்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்க உங்கப்பா சரி என்று சொன்னாரே, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். பேத்தியோடு இருக்கப்போகிறேன் என்ற நினைப்பில் உங்கப்பா முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. போன வாரம் வெள்ளரிக்காய் பறிக்கக் கூடையோடு போனேன். உனக்குத்தான் தெரியுமே, ஒவ்வொரு வருஷமும் உங்கப்பா நல்ல காயாகப் பார்த்துப் பழைய பனியன் கிழிசலைக் கட்டிவிடுவார், கட்டியிருந்தால் அது விதைக்கு, யாரும் தொடக்கூடாது. சின்ன வயசில் அப்படி ஒன்றை நீ பறித்துத் தின்றுவிட்டு கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்தாயே. இந்த வருஷம் கொடியில் ஒரு துணியும் இல்லை. தக்காளியில் பார்த்தேன், கத்தரியில் பார்த்தேன், எங்கேயும் இல்லை. உள்ளே வந்து, ஏங்க, விதைக்கு ஒண்ணுமே விடலையா என்று கேட்டேன். தலையைத் தூக்காமல் தக்காளியை உரித்துக்கொண்டே, எதுக்கு, அடுத்த வருஷம் யாரு போடப்போறா என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டை விற்க அவர் சொன்ன சரியை நாம் இரண்டு பேரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம், எதிர்த்துப் பேச அலுத்துப்போய்ச் சொன்ன சரி அது.

மறுநாள் காலையில் கொடியில் இருந்ததிலேயே பெரிய காயாகப் பார்த்து நானே துணியைக் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பை ஊன்றிக்கொண்டு கொடிக்குப் பக்கத்தில் நிற்கிறார். ஏண்டி, இவ்வளவு கொடி இருக்க, கசப்புக் கொடியில போய்க் கட்டி வெச்சிருக்கியே, அடுத்த வருஷம் பூரா கசப்பையா திங்கறது, அதுவும் என் நல்ல பனியனைக் கிழிச்சு, என்கிறார். கீழே விழுந்து முழங்காலில் அடிபட்ட நாளிலிருந்து அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லையம்மா. அப்புறம் அந்தத் துணியை அவிழ்த்து ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்து வேறொரு காயில் கட்டினார். தக்காளிக்கும் ஒரு துண்டு குடு என்றார். நான் பனியனையே கொடுத்துவிட்டேன்.

அதனால் வீடு பார்க்க இனி யாரையும் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எனக்கு மட்டும் ஆசையில்லை என்று நினைக்காதே, தரகரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அன்றைக்கு மிளகாய்மேல் பழி போடவும் முடியவில்லை. தோட்டம் கொத்துவதற்கு ஆள் வைத்துக்கொள்கிறோம், அவர் கம்பை நீட்டி அதிகாரம் பண்ணட்டும். குளிர் முடியும்வரை நான் மட்டும் போய் மகளோடு இருந்துவிட்டு வருகிறேன் என்றேன். தாராளமா போயிட்டு வா, இத்தனை பாட்டிலும் எனக்குத்தானே என்றார். டெய்லரம்மாவும் அவர் வீட்டுக்காரரும் காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். வாண்டுக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கிறேன் என்றாயே, ஒன்று போதும். மறக்காமல் திரும்பி வருவதற்கும் சேர்த்து எடு.

எப்போது வருவாய் என்று உன்னைக் கேட்டுக் கேட்டுச் சலித்து, தானே கிளம்பி வரும்
அம்மா