நான்காம் படிக்கு மேல் ஒரு வரி

இன்று காலை பக்கத்து வீட்டு அம்மாள் தன் போனை நீட்டினார். "டீச்சர், ஃபுல்லு ஃபுல்லுன்னு காட்டிக்கினே இருக்குது, என்னன்னு பாருங்களேன்." இடம் காலி செய்வதற்கான உதவிப் பக்கத்தை என் போனில் திறந்து ஒவ்வொரு படியாக வாசித்துக் காட்டினேன். நான்காம் படிக்கு மேல் மஞ்சள் கட்டத்துக்குள் ஒரு வரி இருந்தது. 'இந்தப் போனில் வேறு யாருடைய படங்களாவது இருக்கின்றனவா? அவர்களைக் கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.'

நீ ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் மாற்றியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அது உன் வரி.

பள்ளிக்கூடம் உன்னை ஆசிரியர் வேலையிலிருந்து நிறுத்திய பிறகு, ஆப்களை எப்படிப் பயன்படுத்துவது என்று மக்களுக்குப் புரியும்படி எழுதித் தரும் வேலையை நீயாகவே கற்றுக்கொண்டாய். உன் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். "நைனாவைப் படுக்கையில வுட்டுட்டு ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிக்கா போவ முடியும்? இது வீட்ல உக்காந்துக்கினே பண்ற வேலைக்கா" என்றாய். இந்த உதவிப் பக்கத்தை வெளியிடும் பெரிய நிறுவனம் உன்னை நேர்காணலுக்கு அழைத்தது. புத்தலப்பட்டில் நெட் நிற்காது என்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் சித்தூரில் என் வீட்டுக்கு வந்தாய்.

மூன்றாம் சுற்றில் அவர்களுடைய இதே உதவிப் பக்கத்தைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். நீ அதை என் கையில் கொடுத்தாய். "படிச்சிக்கினே செய்யுங்கக்கா. நான் எதுவும் சொல்ல மாட்டேன். எங்க தடுக்குதுன்னு பாக்கணும்." எனக்கு எங்கேயும் தடுக்கவில்லை. நான்காம் படியில் 'எல்லாவற்றையும் அழி' என்பதை அழுத்தினேன். அழித்தவை திரும்ப வராது என்ற எச்சரிக்கை பக்கத்தின் கடைசியில் இருந்தது. என் தங்கையிடம் கேமரா போன் கிடையாது. அவள் பேரனின் ஞானஸ்நானப் படங்கள் எல்லாம் என் போனில்தான் இருந்தன. அத்தனையும் போயின. தங்கை ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நீதான் அவள் வீட்டுக்கே போய், "தப்பு டீச்சருது இல்ல, அதை எழுதனவங்களுது" என்று சொல்லிவிட்டு வந்தாய். படங்கள் போன அன்றிரவே நான்காம் படிக்கு மேல் அந்த வரியை எழுதி அனுப்பியிருந்தாய்.

கடைசிச் சுற்றுக்குத் திருப்பதியில் நல்ல நெட் உள்ள அறை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். "வாயே தொறக்கக் கூடாதுக்கா" என்று சொல்லி, கேமராவில் விழாத நாற்காலியில் என்னை உட்கார வைத்தாய். திரையில் மூன்று பேர். நடுவில் இருந்தவன் ஆங்கிலத்தில் கேட்டான்: எச்சரிக்கைகள் கடைசியில் வருவதுதான் எங்கள் முறை, ஏன் மாற்றினீர்கள்? ஒருவருடைய போனை எதற்கு இன்னொருவர் பயன்படுத்தப் போகிறார்?

"எங்கள் ஊர்ப் பக்கம் நாலு பேருக்கு ஒரு போன் சார்."

"அவர்கள் நம் பயனாளர்கள் இல்லை" என்றான். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். அமிலத்தை ஊற்றச் சொல்லிவிட்டு, ஊற்றிய பிறகு 'கையில் படக் கூடாது' என்று சொல்கிற ஆசிரியரை ஒரு நாள் வகுப்பில் விடுவோமா? அதைத்தான் அவர்கள் முறை என்றார்கள். நான் எழுந்து அந்தத் திரைக்கு முன் வந்து, அந்தப் பயனாளர் நான்தான், படங்கள் போனது எனக்குத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது என்று நீ சொன்னதால் சும்மா இருந்தேன். என் மேல் எனக்குள்ள கோபம் அதுதான்.

உன் மேலும் கோபம் உண்டு. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "நான் சரியாச் சொல்லலியோ என்னமோக்கா." நீ சரியாகத்தான் சொன்னாய். 'எங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை' என்று இரண்டு வரியில் மெயில் வந்தபோதும், "சர்லேக்கா, வுடுங்க" என்று டியூஷன் பிள்ளைகளின் நோட்டைத் திருத்த உட்கார்ந்துவிட்டாய். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாய். நைனாவை உன் அண்ணன் வேலூருக்குக் கூட்டிப் போனார். வேலை கிடைத்திருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கும், தெரியும். ஆனால் பொருந்தாதவள் என்ற எண்ணத்தோடு போயிருக்க மாட்டாய்.

உன்னை வேண்டாம் என்றவர்கள் உன் வரியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் அதைக் கேட்டதும், "ஐயய்யோ, இதுல மருமவ ஸ்கேன் படமெல்லாம் கீதே" என்று போனை வாங்கிக்கொண்டு போனார்.

பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: 'இந்தப் பக்கம் உதவியதா?' பொய் சொல்ல மனம் வரவில்லை. 'ஆம்' என்பதை அழுத்தினேன். கருத்து எழுத ஒரு பெட்டி திறந்தது. உன் முழுப் பெயரையும் ஊரையும் எழுதி, 'மஞ்சள் கட்டத்தில் இருப்பது இவள் எழுதியது, இவளை நீங்கள் பொருந்தாதவள் என்றீர்கள்' என்று அனுப்பினேன். 'நன்றி' என்று வந்தது. யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

தப்பு செய்த பிள்ளைகளை நூறு முறை எழுதச் சொன்னவள் நான். இதை அவர்கள் எழுத மாட்டார்கள். அதனால் தினம் ஒரு முறை அந்தப் பெட்டியில் நானே எழுதப் போகிறேன். இன்றைக்கு ஒன்று முடிந்தது.