ஞாயிற்றுக்கிழமை இருப்பிடம்

சான் ஹோசே,
புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

இங்கே சின்னதாக ஒரு சண்டை, பயப்படாதீர்கள். வீடுகளைத் துப்புரவு செய்யும் எங்கள் ஐந்து பேரையும், விடுமுறையிலும் கம்பெனியின் இணையப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தே வைக்கச் சொன்னார் மேற்பார்வையாளர் எவேலியோ. திறந்ததும், என் இருப்பிடத்தை அறிய அனுமதிப்பேனா என்று பிரவுசர் கேட்டது. மறுத்துவிட்டேன்.

"நீ எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார்.

"வேலை நாள்ல தரையைப் பாருங்க, பளபளன்னு இருந்தா நான் அங்கதான். ஞாயித்துக்கிழமை நான் எங்க இருந்தா உங்களுக்கென்ன?"

"வேலை போயிடும், பார்த்துக்க!"

"நான் ஒரு தடவை முடியாதுன்னதும் பிரவுசரே வாயை மூடிக்கிச்சு. நீங்க ஏழாவது தடவையா கேக்கறீங்க, ஐயா."

மற்ற நால்வரும் சிரித்தபடியே மறுத்தார்கள். யாருக்கும் வேலை போகவில்லை.

காலையில் கரைத்துக் குடிக்கும் நம் ஊர்ச் சோள மாவு, பினோலியோ, தீர்ந்துவிட்டது. விடுமுறைக்கு இங்கிருந்து நம் ஊருக்கு வந்திருக்கும் என் தோழி செல்மாவிடம் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். அவளுக்கு என் அறையின் விலாசம்: எரிந்துபோன பேக்கரி இருந்த இடத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், நீலக் கதவு. ஞாயிறன்று எப்போது வந்தாலும் இருப்பேன்.

பஸ் வந்துவிட்டது. ஞாயிறு முழுக்க அந்த அறையை விட்டு நான் எங்கும் போவதில்லை, அம்மா. அதை எவேலியோவிடம் மட்டும் சொல்லவே மாட்டேன்.

உங்கள் பிடிவாதக்காரி,
யஹோஸ்கா