மேஜையிலிருந்து இறங்கி ஓடியவள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இன்னும் இந்த முகவரியில்தான் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். கழுத்தைத் தவிர மற்றபடி நலம். தைராய்டில் எலுமிச்சை அளவு கட்டி. எடுத்தே ஆகவேண்டும். எடுக்கவும் போனேன். முகமூடியைக் கிட்டே கொண்டுவந்து, "நல்லா மூச்சை இழுங்கம்மா" என்றார் மயக்க டாக்டர். வெறும் ஆக்ஸிஜன்தான். மேஜையிலிருந்து இறங்கி ஓடிவிட்டேன். முதுகில் முடிச்சுப் போடும் அந்த அங்கியோடு, வராந்தா நீளத்துக்கும். பார்த்தவர்களில் இரண்டு பேர் என் மாணவர்கள்.

ஆபரேஷன் மேஜையில் அம்மாவைக் கொண்டுபோன மரபணு என்னிடமும் இருக்கிறது. என் ஆய்வுக்கூடத்தில் நானே பார்த்தேன். மயக்க வாயு பட்டால் தசை விறைத்து உடம்பு கொதிக்கும். வாயுவே இல்லாமல் ஊசியில் மயக்கம் கொடுக்கலாம், ஆபத்தில்லை. இதை வருஷக்கணக்காக மேடையில் சொல்கிறவளும் நான்தான். மூளைக்கு எல்லாம் தெரியும். காலுக்குத்தான் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கழுத்தை மட்டும் மரக்கவைத்து, பக்கத்தில் ஒரு ஹிப்னாட்டிஸ்ட் பேசிக்கொண்டே இருந்தால், விழித்தபடியே செய்துவிடலாம் என்கிறார் சர்ஜன். "உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. உன் தொழிலைப் பற்றி நான் உறவுக்காரர்களிடம் பேசியது உன் காதுக்கு வந்திருக்கும். வந்ததைவிடக் கொஞ்சம் மோசமாகவே பேசியிருக்கிறேன்.

வருவாயா?

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

காதுக்கு வந்தது. "பாம்பாட்டிக்காவது மகுடி இருக்கு, இவனுக்கு அதுவும் இல்ல" என்றாயாம். நல்ல வரி. கிளினிக்கில் நானே சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

வருகிறேன். பொதுவாக நாங்கள் சொந்தக்காரர்களுக்குச் செய்வதில்லை. குரலைக் கேட்டதுமே பழைய சண்டையெல்லாம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அறிதுயிலில், அதாவது ஹிப்னாஸிஸில், இறங்கும் சுபாவம் ஓரளவு பிறப்பிலேயே வருகிறது என்று உன் ஆட்கள்தான் எழுதுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று அடுத்த இதழில் அவர்களே எழுதுகிறார்கள். அம்மாவிடமிருந்து கெட்டதை மட்டுமா வாங்கியிருப்பாய்?

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடு. மேஜையில் இருக்கும்போது உன் மனம் போய் இருக்க ஓர் இடம் வேண்டும். எல்லோரும் கடற்கரை என்பார்கள். உனக்கு? நன்றாக யோசித்துக்கொள். நடுவில் பயந்து அசைந்தால் ஊசி மயக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வராந்தாவில் ஓட முடியாது.

தம்பி


ஏப்ரல் 2

அன்பு அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். கட்டியில் புற்று இல்லை என்ற செய்தி வழியிலேயே வந்துவிட்டது. பஸ்ஸில் நான் அழுததைப் பார்த்து, பக்கத்து சீட்காரர் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அக்கா, உன்னைப் போல ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை. மனம் போய் இருக்க ஆய்வுக்கூடத்தின் குளிர் அறைதான் வேண்டும் என்றாய். உலகத்தில் வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். போனாய், உட்கார்ந்துவிட்டாய். நாடி ஒரே சீர். "தூங்கிட்டாங்களா?" என்று சர்ஜனே கேட்டார். மாநாட்டில் உன்னைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பெயர் வராது. 'மரபணு ஆய்வாளர். இந்த முறையில் நம்பிக்கை இல்லாதவர். முழு அறிதுயில்.' அவ்வளவுதான். சம்மதம் என்று ஒரு வரி எழுது.

தம்பி


ஏப்ரல் 9

அன்புத் தம்பிக்கு,

சம்மதம் இல்லை. நான் மயங்கவே இல்லை.

பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தாய். ஆறில் உன் குரல் நடுங்கியது. நான் கண்ணைத் திறந்தால் நீ உடைந்துபோவாய் என்று தோன்றியது. மூடியே வைத்திருந்தேன். குளிர் அறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உன் பேச்சைக் கேட்டபடி படுத்திருந்தேன். நடுவில் மரப்பு குறைந்தது, வலித்தது. பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ அடிக்கிற சத்தம் கேட்குமே, அப்படி வலித்தது. பாவமாக இருந்தது. எழுந்து போய்த் தடுக்கத் தோன்றவில்லை. இதில் உன் வித்தை எங்கே வந்தது?

நடக்காததைச் சொல்லிக்கொண்டு நீ மேடையில் நிற்கக்கூடாது. கோபம் வரும், தெரியும். மறுபடியும் பேசாமல் இருந்துவிடுவாயோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

உன் அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

மாநாட்டுக் கட்டுரையிலிருந்து உன்னை எடுத்துவிட்டேன்.

கோபம் வந்தது. இரண்டு நாள் தாங்கியது. அப்புறம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். வலி பக்கத்து வீட்டுச் சத்தமாகிவிடுவது என்கிறாயே, அந்த நிலைக்கு ஓர் ஆளைக் கொண்டுவர நாங்கள் மாதக்கணக்கில் தொண்டை வற்றப் பேசுகிறோம். 'நீ இறங்கித்தான் இருந்தாய்' என்று வாதாடலாம். வாதாடப்போவதில்லை. அன்று அந்த அறையில் வித்தை எதுவரை, தம்பி எதுவரை என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

ஆறில் ஏன் நடுங்கினேன் என்று நீ கேட்கவில்லை. அப்போதுதான் மேஜைக்கு மேலே அந்தப் பெரிய விளக்கைப் போட்டார்கள். அம்மாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, கதவு மூடுவதற்குள் நான் பார்த்தது அந்த மாதிரி விளக்கைத்தான். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் நேரில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ ரத்தத்துக்குள் தேடப் போய்விட்டாய். நான் ஊரில் உள்ளவர்களையெல்லாம் கடற்கரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு உனக்கு இன்னும் குரல் சரியாகியிருக்காது. பரவாயில்லை, நான் பேசுகிறேன். எண்ண மாட்டேன். நீ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்.

தம்பி