ஓரத்தில் வந்த விளம்பரங்கள்

வியாசர்பாடி
18-11-2007

அன்பு மகள் சங்கமித்ராவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மழை விட்டு இரண்டு நாளாகியும் தெருவில் தண்ணீர் வடியவில்லை, அப்பா முட்டிவலியோடு அதிலேயே நடந்து பால் வாங்கி வருகிறார், சொன்னால் கேட்பதில்லை. போனில் பேசினால் பக்கத்தில் யாராவது நிற்கிறார்கள், கம்ப்யூட்டரில் எழுத இப்போது கை வரவில்லை, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் அண்ணி செங்கொடியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ரிட்டயர் ஆன பிறகு பொழுது போகாமல் தவிக்கிறேன் என்று போன வருடம் நீ இன்டர்நெட்டில் இலவசமாக ஒரு குறிப்பு நோட்டு திறந்து கொடுத்தாய். இருபத்தேழு வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக எழுதியே பழகிய கை, தினமும் அதில் ஏதாவது எழுதுவேன். ஆகஸ்டில் உன் அண்ணன் வல்லரசு லாரியோடு தூத்துக்குடி போயிருந்தபோது செங்கொடிக்கு ஏழாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. போன தடவை கலைந்தபோது தெருவே வந்து துக்கம் விசாரித்ததில் அவள் நொந்து போயிருந்தாள், அதனால் இந்த முறை கரு தங்கியதைக்கூட என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவருக்குக்கூட இப்ப சொல்லாதீங்க அத்தை, நானே சொல்றேன் என்றாள். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் அந்த நோட்டில், வார்டில் எழுதுகிற அதே இங்கிலீஷ் வார்த்தைகளோடு எழுதி வைத்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் வல்லரசு கிரிக்கெட் பார்க்க கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். நான் ஆகஸ்டில் எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டு பக்கத்தை மூடாமல் எழுந்து போயிருந்தேன். இன்னாம்மா இது, ஓரத்துல பூரா குழந்தை ஆஸ்பத்திரி விளம்பரமா வந்துகினு கீது, யாருக்கு என்று கேட்டான். நான் அடுப்பை விட்டு வருவதற்குள் நடுவில் இருந்ததையும் படித்துவிட்டான். அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் மித்ரா. என் புள்ளை போனது எனக்குத் தெரியாது, எவனோ கம்ப்யூட்டர்காரனுக்குத் தெரிஞ்சிகீது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். செங்கொடி என் முகத்தைப் பார்த்து, உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன் அத்தை, நீங்க யார்கிட்ட சொன்னீங்க என்றாள். அவள் துணியை எடுத்துக்கொண்டு எண்ணூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உனக்குப் பாதியை மட்டும் போனில் சொன்னேன். மனுஷங்க யாரும் படிக்கலம்மா, மெஷின்தான் வார்த்தையைப் பார்த்து விளம்பரம் போடுது என்றாய். இருக்கலாம். ஒரு கேஸ் ஷீட்டைக்கூட வார்டுக்கு வெளியே விடாதவள் நான், வீட்டுப் பெண்ணின் கதையை முன்பின் தெரியாத இடத்தில் கொண்டு வைத்துவிட்டேனே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. மறுநாளே வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கலீலுல்லாவைக் கூப்பிட்டேன். நீ காலேஜில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, அதிலேயே ஒரு குறிப்பு நோட்டு போட்டுக் கொடுத்தார். இது உங்க வூட்டுப் பொட்டிம்மா, இதுல எழுதுறது இங்கதான் கீது, ஆனா பொட்டி புட்டுகிச்சுன்னா எல்லாம் போயிடும், வாரம் ஒருவாட்டி சீடில ஏத்தி பீரோவுல வெச்சிக்கோங்க என்றார். எழுதியதையெல்லாம் இதற்கு மாற்றிக்கொண்டு அங்கே அழித்தேன். அழித்தாலும் அவர்களிடம் கொஞ்ச காலம் நகல் இருக்கலாம் என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தது. எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் என்று நினைக்க ஆரம்பித்தால் கையிலிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடுகிறது.

வியாழக்கிழமை பஸ் ஏறி எண்ணூர் போனேன். சமாதானம் பேசவில்லை, தப்பு என்னுடையது என்று மட்டும் சொன்னேன். செங்கொடி, என்னைப் பத்தி இன்னா எழுதினீங்கன்னு நான் படிக்கணும் என்று புறப்பட்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தாள், வல்லரசு வாசற்படியிலேயே நின்றான். அவள் அழவில்லை, தைரியமாக இருந்தாள் என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, அழுதேன் அத்தை, பாத்ரூம்ல தண்ணியத் தொறந்து வுட்டுகினு அழுதேன் என்றாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அதை அவளே அடித்துச் சேர்த்தாள். வல்லரசு உள்ளே வந்து அந்த வரியைப் படித்தான், படித்துவிட்டு அவள் நாற்காலி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நானும் அப்பாவும் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டோம்.

திரும்பி வந்தபோது தன்னைப் பற்றிய பக்கங்களுக்கு அவள் தனி பாஸ்வேர்டு போட்டிருந்தாள். எனக்கு என் பக்கங்கள் திறக்கும், அவளுடையது திறக்காது. நீ ஊருக்கு வந்தாலும் உனக்கும் திறக்காது, வருத்தப்படாதே. அவளுக்குப் போன் செய்தால் ஆறுதல் சொல்ல ஆரம்பிக்காதே, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். அந்தப் பழைய இன்டர்நெட் கணக்கு உன் பெயரில் இருக்கிறது, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அதை மொத்தமாக மூடிவிடு, மூடிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லு, அதுவரை எனக்கு இருப்புக் கொள்ளாது. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. புத்தர் அருளால் நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
மலர்க்கொடி குணசேகரன்