எத்தனை வாட்?

ஏப்ரல் 4, 2005, திங்கள்

பகலெல்லாம் வெயில். நாலு மணிக்கு ஆலங்கட்டி மழை. அல்சூரில் ஒரு வீட்டில் காலிங் பெல், இன்னொரு வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர்.

மழைக்குக் கடை ஓரம் ஒதுங்கி நிற்கும்போது போன். வைட்ஃபீல்டில் கட்டுகிற அப்பார்ட்மென்ட், சைட் இன்ஜினியர் கிரீஷ். யார் வீட்டிலோ என் வேலையைப் பார்த்தாராம். பதினாறு வீட்டுக்கும் வயரிங் நான் செய்யணுமாம். அப்புறம் கேட்டார்: "வாட் இருக்கா?"

"இருக்கு சார். நாப்பது, அறுபது, நூறு. எத்தினி வாட் வேணும்?"

அந்தப் பக்கம் நாலைந்து பேர் சிரிக்கிற சத்தம். "பல்பு அல்லரீ! வரி, வரி!"

இந்த மாதம் வந்திருக்கும் புது வரியாம், வாட். அதில் பதிவு நம்பர் இருந்தால்தான் பில் வாங்குவார்களாம். 18ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். விமலாவிடம் சொன்னேன். கட்டின பெண்டாட்டி, அவளும் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 5, செவ்வாய்

ஒயர் வாங்கும் கடையில் விசாரித்தேன். கேட்டிருக்கவே கூடாது.

கடைக்கார சேட்: "நம்பர் எடுத்தா மாசாமாசம் கணக்கு குடுக்கணும். மாட்டினா வெளியே வர முடியாது பையா."

ஸ்விட்ச் வாங்க வந்தவர்: "எடுத்தாதான் சார் லாபம். வாங்கும்போது குடுத்த வரியைக் கழிச்சுக்கலாம்."

அவர் கூட வந்தவர்: "கூலிக்கு வரியே கெடயாது. சாமானுக்குத்தான்."

ராத்திரிச் சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. ஒயர் கடையில் இருக்கும்போது சாமான். சுவருக்குள் போய்ப் பூசிவிட்டால் அது சாமானா, என் கூலியா? பன்னிரண்டு வருஷமாக வயரிங் செய்கிறேன், இது தெரியவில்லை.

ஏப்ரல் 7, வியாழன்

ஆடிட்டர் ஆபீஸில் ஃபாரம் கிடைத்தது. கன்னடம் பேச்சு தண்ணீர் மாதிரி வரும், ஆபீஸ் கன்னடம் படித்தால் தலை சுற்றுகிறது. பக்கத்திலேயே இங்கிலீஷ். அது அதைவிட மோசம்.

எங்கே பார்த்தாலும் டீலர், டீலர். டீலரின் பெயர். டீலரின் முகவரி. டீலர் என்றால் எனக்குத் தெரிந்தது ரேஷன் கடைக்காரர்தான். நான் எலக்ட்ரீஷியன். ஃபாரத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ?

விமலா கேனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "டீலரே, சீமெண்ண ரெண்டு லிட்டர் ஊத்துங்க."

தொழிலின் பெயர் என்று ஒரு கட்டம். என் தொழிலுக்கு ஏது பெயர்? போர்டு கிடையாது. வேலை முடிந்ததும் மெயின் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் பென்சிலில் 'சேகர்' என்றும் தேதியும் எழுதுவேன். மறுபடி வரும்போது எப்போது செய்தது என்று தெரியும். அவ்வளவுதான் என் போர்டு.

ஏப்ரல் 10, ஞாயிறு

மாணிக்கம் அண்ணன் வந்தார். ஒன்பது வருஷம் அவரிடம்தான் வேலை செய்தேன். தனியாக வந்து மூன்று வருஷம். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"இன்னாத்துக்கு உனக்கு இந்த ரோதன? என் நம்பர் கீதே. என் பேர்ல பில் போட்டுக்கோ. வேல நீ செய்யி, ஆபீஸ் தொல்ல என்னுது."

அப்பாடா என்று இருந்தது. கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்குப் பந்தலில் விளக்குப் போட்டது அவர்தான், ஒரு பைசா வாங்கவில்லை. சரி அண்ணா, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது, மதியம் நன்றாகத் தூங்கினேன்.

விமலா பாத்திரத்தை வழக்கத்தைவிடச் சத்தமாகத் தேய்த்தாள்.

ஏப்ரல் 12, செவ்வாய்

கமலா டீச்சர் வீடு, ஏரிப் பக்கம். ஃபியூஸ் போகிறது என்று பக்கத்து வீட்டம்மா சொல்லி அனுப்பினார். வாசலில் நின்றதும் தெரிந்துவிட்டது. மாணிக்கம் அண்ணனிடம் இருந்தபோது நான் ஒருத்தனே பதினோரு நாள் உட்கார்ந்து வயரிங் செய்த வீடு.

டீச்சர்: "இது மாணிக்கம் செஞ்ச வேலைப்பா. இத்தன வருஷத்துல ஒரு கொற கெடயாது. நீ அவர்கிட்ட இருந்தவனா?"

"ஆமா டீச்சர்."

பாக்ஸைத் திறந்தேன். மூடிக்கு உள்ளே அண்ணனின் ஸ்டிக்கர். அச்சடித்த பெயர், போன் நம்பர். என் பென்சில் எழுத்தைக் காணோம். அப்போதும் எழுதியிருப்பேனே. நகத்தால் ஸ்டிக்கரின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கினேன். 'சே' தெரிந்தது. மீதி பசையில்.

திரும்ப ஒட்டி அமுக்கிவிட்டேன். ஃபியூஸ் மாற்ற ஐந்து நிமிஷம். வண்டியை எடுக்க மனம் வரவில்லை, ஏரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வைட்ஃபீல்டில் பதினாறு பாக்ஸ். பதினாறிலும் அண்ணன் அந்த ஸ்டிக்கர்தான் ஒட்டுவார். அவர் மேல் கோபமா, ஆமா டீச்சர் என்று சொன்ன என் மேலா?

ஏப்ரல் 14, வியாழன்

வருஷப் பிறப்பு. அம்பேத்கர் பிறந்தநாளும். தெருமுனைச் சிலைக்கு மாலை, மைக்செட். சீரியல் விளக்கு ஒரு வரிசை எரியவில்லை, கூப்பிட்டார்கள், போய்ச் சரி செய்தேன். வீட்டில் பாயசம்.

என் பேரில் நம்பர் எடுக்கப் பயமாகத்தான் இருக்கிறது. தப்பாக எழுதினால்? ஒரு மாதம் மறந்துவிட்டால்? வேலையே இல்லாத மாதத்துக்கும் கணக்குக் கொடுக்கணுமா? கடை இல்லாத ஆளைச் சோதனை போட வந்தால் எங்கே வருவார்கள், பைக்குக்கா?

விமலா கேட்டாள்: "தப்பாப் போட்டா ஜெயில்ல போடுவாங்களா?"

"தெரியாது."

"அப்ப சுத்தமாப் போடுங்க. நான் பக்கத்துல உக்கார்றேன்."

டீச்சர் வீட்டு விஷயத்தை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். பாயசத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15, வெள்ளி

ஃபாரம் எழுதினோம். இரண்டு அடித்தல். தொழிலின் பெயர்: சேகர். எலக்ட்ரிகல்ஸ், என்டர்பிரைசஸ் என்று ஏதாவது சேர்க்கச் சொன்னாள். வேண்டாம் என்றேன். கூலியா சாமானா என்பது இன்னும் புரியவில்லை. ஆடிட்டருக்கே சந்தேகம்தான் போல.

கிரீஷுக்குப் போன். ஃபாரம் கொடுத்த ரசீது காட்டினால் இப்போதைக்குப் போதுமாம். கடைசியில், "எத்தனை வாட் சேகர்?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மாணிக்கம் அண்ணனிடம் நேரில் போய்ச் சொன்னேன். "ஓஹோ, பெரிய ஆளாயிட்ட." அவ்வளவுதான் சொன்னார். டீ வந்தது. ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஏப்ரல் 18, திங்கள்

வரி ஆபீஸ். ஒன்பதரைக்கே நீள வரிசை. இஸ்திரி போட்ட சட்டை, அதன் பையில் பழக்கதோஷத்தில் டெஸ்டர். ஃபாரத்தை வாங்கி உள்ளே கொண்டுபோனார்கள். பெஞ்சில் இரண்டு மணி நேரம். எழுந்து போய்விடலாம் என்று மூன்று முறை தோன்றியது.

கிளார்க் வெளியே வந்து ஃபாரத்தைத் தூக்கிக் காட்டினார். "டீலர் யார்ரீ?"

யாரும் எழவில்லை. எந்த டீலரோ என்று நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. ஃபாரத்தில் என் போட்டோ.

"யார்ரீ டீலர்?"

எழுந்தேன். எந்த பாஷையில் சொல்வதென்று ஒரு நொடி குழப்பம். தமிழிலும் கன்னடத்திலும் ஒரே சொல்தான்.

"நானே."